எங்களுக்குக் குறைவது வாரத்துக்கு 4 மணி நேரம்

மதிப்பிற்குரிய துணைவேந்தர்களுக்கும், கல்லூரிச் செயலர்களுக்கும், முதல்வர்களுக்கும், தமிழ்நாடு, புதுச்சேரி உயர்கல்வித் துறை அலுவலர்களுக்கும்

வணக்கம்.

நான் 11 ஆண்டுகளாகக் கல்லூரி மாணவர்களுக்குப் பிரெஞ்சு கற்பிக்கிறேன். இதற்குள் நான்கு கல்லூரிகள் மாறிவிட்டேன். எங்கேயும் நிரந்தர ஆசிரியர் பட்டியலில் என் பெயர் ஏறியதில்லை. சம்பளம் மாதக் கணக்கில் இல்லை, மணிக் கணக்கில். என்னைப் போன்ற தோழிகளும் நண்பர்களும் நிறையப் பேர் இருக்கிறார்கள். விடைத்தாள் திருத்தும் முகாமில்தான் ஆண்டுக்கு இரண்டு முறை ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்வோம். அங்கே டீ இடைவேளையில் நாங்கள் பேசிக்கொள்வதைத்தான் இப்போது உங்களுக்கு எழுதுகிறேன்.

என் சொந்த ஊர் காரைக்கால். தாத்தா சொல்தா, அதாவது பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். பிரான்சிலிருந்து வரும் பென்ஷன் காகிதங்களைப் படித்துச் சொல்ல வீட்டில் ஒருவருக்காவது பிரெஞ்சு தெரிந்திருக்க வேண்டும் என்று என்னைப் படிக்க வைத்தார்கள். அப்படித்தான் இந்த மொழி எனக்கு வந்தது. பிறகு அதன் இலக்கியத்தில் மனம் போய் எம்.ஏ. முடித்தேன். கல்லூரி ஆசிரியர் பணிக்கான தேசியத் தகுதித் தேர்வான நெட் தேர்வில் மூன்றாம் முயற்சியில் தேறினேன். இனி வேலைக்குக் கவலையில்லை என்று அன்று வீட்டில் எல்லோரும் நினைத்தோம்.

முதல் நேர்காணலை என்னால் மறக்க முடியாது. எதிரே மூன்று பேர் உட்கார்ந்திருந்தார்கள். மூவருக்கும் பிரெஞ்சு தெரியாது. என் ஆய்வு பற்றியோ, எப்படிப் பாடம் நடத்துவேன் என்றோ யாரும் கேட்கவில்லை. நான் ஒரு வாக்கியம்கூடப் பிரெஞ்சில் பேச வேண்டியிருக்கவில்லை. கேட்டது ஒரே கேள்விதான்: "எத்தனை பேரை சென்டம் வாங்க வைப்பீங்க மேடம்?"

நம் கல்லூரிகளில் பிரெஞ்சு எதற்காக இருக்கிறது என்பதற்கு அந்தக் கேள்வியே பதில். பிளஸ் டூவில் பிரெஞ்சு எடுத்தால் மதிப்பெண் அள்ளலாம் என்று எடுத்து வரும் பிள்ளைகள், கல்லூரியிலும் பகுதி 1 மொழிப்பாடமாக அதையே தொடர்கிறார்கள். பிளஸ் டூவில் நூற்றுக்கு 98 வாங்கிய ஒரு மாணவியிடம் முதல் வகுப்பில் பெயரென்ன என்று பிரெஞ்சில் கேட்டேன். அவளுக்குக் கேள்வியே புரியவில்லை. புரிந்தபோது அவள் முகம் சிவந்தது. பதில் தெரியாததற்காக அவள் வெட்கப்பட வேண்டியதே இல்லை. பதில் சொல்ல வேண்டிய நிலையை இரண்டு ஆண்டுகளில் யாரும் அவளுக்கு ஏற்படுத்தித் தரவில்லை, அவ்வளவுதான். பத்தியைப் படித்து ஆங்கிலத்தில் விடை எழுது, இந்த வாக்கியத்தை மொழிபெயர், கோடிட்ட இடத்தை நிரப்பு. இவற்றை மனப்பாடம் செய்தே 98 வாங்கிவிடலாம்.

இங்கே இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். தமிழைத் தவிர்ப்பதற்காகத்தான் பிரெஞ்சு எடுக்கிறார்கள் என்று தமிழ்த்துறை நண்பர்கள் வருத்தப்படுகிறார்கள். அந்த வருத்தம் நியாயமானது. 2006ஆம் ஆண்டு தமிழ் கற்றல் சட்டம் வந்து, பத்தாம் வகுப்புவரை தமிழ் படிப்படியாகக் கட்டாயமானது. அதற்குப் பிறகும் மேல்நிலையில் இந்தக் குறுக்குவழி திறந்தே கிடக்கிறது. பிரெஞ்சு ஆசிரியையாகச் சொல்கிறேன், இந்த வழியால் எங்களுக்கு எந்த மரியாதையும் வரவில்லை. மதிப்பெண்ணுக்காக வருகிறவர்கள் வராமல் போனால் எங்கள் வகுப்பு 60 பேரிலிருந்து 20 பேராகக் குறையும். குறையட்டும். அந்த 20 பேருக்கு உண்மையாகப் பாடம் நடத்த ஒரு முழுநேர ஆசிரியர் இருந்தால் போதும்.

அந்த முழுநேர ஆசிரியர் ஏன் இல்லை என்பதைத்தான் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

யுஜிசியின், அதாவது பல்கலைக்கழக மானியக் குழுவின், 2018 விதிமுறைப்படி ஓர் உதவிப் பேராசிரியர் வாரத்துக்கு 16 மணி நேரம் நேரடியாக வகுப்பெடுக்க வேண்டும். நான் இருந்த ஒரு கல்லூரியில் பிரெஞ்சுக்கு முதலாண்டில் வாரம் 6 மணி நேரம், இரண்டாமாண்டில் 6 மணி நேரம். மூன்றாமாண்டில் மொழிப்பாடமே கிடையாது. ஆக மொத்தம் 12. "பணிச்சுமை போதாது, பணியிடம் கேட்க முடியாது" என்று கோப்பை மூடிவிட்டார்கள். 4 மணி நேரம்தான் குறைகிறது. அந்த 4 மணி நேரத்தால் ஒருவர் உதவிப் பேராசிரியர் ஆகாமல் மணிக்கு இவ்வளவு என்று கூலி வாங்குகிறவர் ஆகிவிடுகிறார். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டரில் இன்னொரு கல்லூரி. அங்கேயும் அதே 12 மணி நேரம், அதே பதில். இரண்டு கல்லூரிக்கும் போய் வந்தது ஒரே ஆள்தான், நான். காலை ஷிப்ட் ஓரிடம், மதிய ஷிப்ட் வேறிடம். வாரம் 24 மணி நேரம் பாடம் நடத்துகிற ஒருத்திக்கு, இரண்டு அலுவலகங்களும் "உங்களுக்கு வேலை போதவில்லை" என்று தனித்தனியாக எழுதிக் கொடுத்தன.

பணத்தையும் பேசிவிடுகிறேன், கூச்சப்பட்டு ஆகப்போவது ஒன்றுமில்லை. அப்போது எனக்கு மணிக்கு ₹300. ஒரு கல்லூரியில் மாதம் 48 மணி நேரம் என்றால் ₹14,400. மே மாதம் சம்பளம் இல்லை. செமஸ்டர் விடுமுறைக்கு இல்லை. மழைக்காகக் கல்லூரி மூடினால் அந்த நாளுக்கும் இல்லை. கேள்வித்தாள் தயாரிப்பது, அக மதிப்பெண் பதிவேற்றுவது, கல்லூரியின் தரத்தை மதிப்பிடும் நாக் குழு வரும்போது கோப்பு அடுக்குவது எல்லாம் அந்த 300க்குள்ளேயே அடங்கும். யுஜிசி 2019இல் விருந்தினர் ஆசிரியர்களுக்கு நிர்ணயித்தது ஒரு வகுப்புக்கு ₹1,500, மாத உச்சவரம்பு ₹50,000. அதைக் காட்டிக் கேட்டபோது, சுயநிதிப் பிரிவுக்கு அது பொருந்தாது என்றார்கள். சரி, பொருந்தாமலே இருக்கட்டும். ஐந்தில் ஒரு பங்கு மட்டும் எந்த விதிப்படி பொருந்தியது என்று அன்று நான் கேட்கவில்லை. இப்போது கேட்கிறேன். என்னோடு நெட் தேறி, வேறு பாடத்தில் நிரந்தரப் பணிக்குப் போனவருக்குத் தொடக்க அடிப்படை ஊதியமே ₹57,700. இருவருக்கும் தகுதி ஒன்றுதான்.

என்னிடம் படித்து, பிரெஞ்சின் உயர் இடைநிலைத் தேர்வான பி2வை முடித்த ஒரு மாணவன், சென்னையில் பிரெஞ்சு வாடிக்கையாளர்களோடு பேசும் வேலைக்குப் போனான். முதல் மாதச் சம்பளத்தில் இனிப்பு வாங்கிக்கொண்டு என்னைப் பார்க்க வந்தான். அவன் சம்பளம் நான் இரண்டு கல்லூரியில் வாங்கியதைவிட அதிகம். அவனை நினைத்து எனக்குப் பெருமைதான். ஆனால் "நானும் உங்களை மாதிரி லெக்சரர் ஆகணும்னு நினைச்சேன் மேம்" என்று அவன் சொன்னபோது, வா என்று கூப்பிட எனக்கு வாய் வரவில்லை. நல்ல மாணவர்களை ஆசிரியப் பணிக்கு அழைக்க முடியாத நிலையில் ஒரு துறை இருந்தால், அடுத்த 20 ஆண்டுகளுக்கு அங்கே யார் பாடம் நடத்துவார்கள்?

ஆய்வு விஷயம் இன்னும் சிக்கலானது. முன்பெல்லாம் எங்களைப் போன்றவர்கள் பகுதிநேரமாக எம்.ஃபில். ஆவது செய்தோம். 2022இன் யுஜிசி விதிமுறைகள் அதை முடித்துவிட்டன, இனி முனைவர் பட்டம்தான். அதே விதிமுறைப்படி முழுநேர நிரந்தர ஆசிரியர் மட்டுமே நெறியாளராக, அதாவது ஆய்வு வழிகாட்டியாக, இருக்க முடியும். பேராசிரியரிடம் 8 பேர், இணைப் பேராசிரியரிடம் 6 பேர், உதவிப் பேராசிரியரிடம் 4 பேர் ஆய்வு செய்யலாம். பிரெஞ்சில் நிரந்தர ஆசிரியர்களே குறைவு என்பதால் நெறியாளர்கள் குறைவு. நெறியாளர்கள் குறைவு என்பதால் முனைவர்கள் குறைவு. கடைசியில் "தகுதியான ஆட்கள் கிடைக்கவில்லை" என்று பணியிடத்தைக் காலியாகவே விடுகிறார்கள். ஒரு பேராசிரியர் ஓய்வு பெறும்போது அவரோடு சேர்ந்து 8 ஆய்வு இடங்களும் போய்விடுகின்றன. நெறியாளர் கிடைக்காமல் மூன்று ஆண்டுகள் காத்திருந்த தோழி ஒருத்தி, கடைசியில் ஆங்கிலத்துறையில் ஒப்பிலக்கியம் என்று பதிவு செய்துகொண்டாள். அதுவே போதும் என்று நிம்மதியும் அடைந்தாள்.

உதவிப் பேராசிரியராக முனைவர் பட்டம் கட்டாயம் என்று ஒரு தேதி சொல்லி, தள்ளிவைத்து, 2023 ஜூலையில் நெட் அல்லது மாநில அளவிலான தகுதித் தேர்வுகளான செட், ஸ்லெட் போதும் என்று யுஜிசி சொன்னது. அதில் எங்களுக்கு ஆறுதல் உண்டு. ஆனால் நெட் தேர்வையும் யோசித்துப் பாருங்கள். இரண்டு தாள்களும் சேர்த்து 150 கேள்விகள், 3 மணி நேரம், எல்லாமே சரியான விடையைத் தேர்ந்தெடுக்கும் வகை. மொழி ஆசிரியர் ஆகப்போகிறவரின் குரலை அந்தத் தேர்வில் யாரும் கேட்பதில்லை. அதைச் சரிசெய்ய வேண்டிய இடம் கல்லூரி நேர்காணல். அங்கே என்ன கேட்கிறார்கள் என்பதை மேலே சொல்லிவிட்டேன்.

இவ்வளவு குறை சொன்னவள் இந்தப் பாடம் ஏன் இருக்க வேண்டும் என்றும் சொல்ல வேண்டும். வேலைவாய்ப்பு, பிரான்சில் மேற்படிப்பு, இவை எல்லோரும் சொல்வதுதான். 2030க்குள் 30,000 இந்திய மாணவர்களை வரவேற்பது தங்கள் இலக்கு என்று பிரான்சே அறிவித்திருக்கிறது. அதற்கெல்லாம் ஒரு நல்ல பயிற்சி மையம் போதும், பல்கலைக்கழகம் தேவையில்லை. பல்கலைக்கழகம் தேவைப்படுவது வேறு காரணத்துக்காக.

1848இல் பிரான்ஸ் தன் குடியேற்றங்களில் அடிமை முறையை ஒழித்தது. கரும்புத் தோட்டங்களுக்கு ஆள் தேவைப்பட்டது. ஒப்பந்தக் கூலிகளாக நம் கரையிலிருந்து ஆட்களை ஏற்றினார்கள். புதுச்சேரியும் என் ஊர் காரைக்காலும் அந்தக் கப்பல்கள் புறப்பட்ட துறைமுகங்கள். 1853 மே மாதம் ஒரேலி என்ற கப்பல் கரீபியன் கடலிலுள்ள மார்த்தினிக் தீவில் இந்தியக் கூலிகளை முதன்முதலாக இறக்கியது. அதே கப்பல் 1854 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் அதே கடலிலுள்ள குவாதலூப் தீவை அடைந்தது. இந்தியப் பெருங்கடலிலுள்ள ரீயூனியன் தீவுக்கு அதற்கு முன்பே ஆட்கள் போயிருந்தார்கள். அவர்களுடைய வழிவந்தவர்களை அங்கே மலபார் என்கிறார்கள். இன்றும் காவடி எடுக்கிறார்கள், தீமிதிக்கிறார்கள். அவர்கள் பேச்சிலிருந்து தமிழ் போய்விட்டது. அவர்களுடைய கதை இன்று எழுதப்படுவது பிரெஞ்சில்.

மார்த்தினிக்கின் ரஃபாயேல் கோன்ஃபியான், தமிழ் மண்ணிலிருந்து அங்கே போன கூலிகளைப் பற்றி 2004இல் ஒரு முழு நாவலே வெளியிட்டார். மொரீஷியஸில் பிறந்த நதாஷா அப்பானாவின் முதல் நாவல் ஒப்பந்தக் கூலிகளின் கதை. அதே தீவின் கால் தொராபுல்லி, கூலி என்ற வசைச் சொல்லையே எடுத்து, அதிலிருந்து ஓர் இலக்கியக் கருத்தை உருவாக்கினார். அங்கே பிறந்த எழுத்தாளர் ஆனந்த தேவிக்கு 2024இன் நியூஸ்டாட் சர்வதேச இலக்கியப் பரிசு கிடைத்தது. நான் எம்.ஏ. படித்தபோது இவர்களில் ஒருவர் பெயரும் என் காதில் விழவில்லை. மோலியேர், ராசின் போன்ற பழைய பிரெஞ்சு நாடகாசிரியர்களின் நூல்களைப் படித்தோம், அவை படிக்க வேண்டியவைதான். ஆனால் என் ஊர்த் துறைமுகத்திலிருந்து போனவர்களின் பேரப்பிள்ளைகளைப் பற்றிய இலக்கியம் இருக்கிறது என்பதை, 30 வயதுக்கு மேல் நானே தேடித்தான் தெரிந்துகொண்டேன்.

ஒரு நாள் வகுப்பில் ரீயூனியன் சாப்பாட்டைப் பற்றிய ஒரு பத்தியை நடத்தினேன். அதில் ருகாய் என்று ஒரு தொடுகறி வந்தது. பலகையில் எழுதி, சத்தமாக நாலு முறை சொல்லுங்கள் என்றேன். மூன்றாவது முறையிலேயே பின்பெஞ்சிலிருந்து ஒரு பையன் கத்தினான்: "மேம், ஊறுகாய்!" ஆமாம், ஊறுகாய்தான். கடல் கடந்து போய், முதலெழுத்தை உதிர்த்துவிட்டு ருகாய் ஆகியிருக்கிறது. கட்டுமரம் எப்படிப் பிரெஞ்சு அகராதிக்குள் போனது என்று அடுத்தவள் கேட்டாள். மணி அடித்தும் யாரும் எழுந்திருக்கவில்லை. 11 ஆண்டுகளில் நான் சந்தோஷமாக நடத்திய வகுப்பு எது என்றால் அதைத்தான் சொல்வேன். செமஸ்டர் தேர்வில் அதற்கு ஒரு மதிப்பெண்கூட இல்லை.

இதைப் படிப்பதற்கு நம்மைவிடப் பொருத்தமான இடம் உலகத்தில் அதிகம் இல்லை. புதுச்சேரியில் 1826இல் தொடங்கிய பிரெஞ்சு லிசே என்ற பள்ளி இன்னும் நடக்கிறது. 1955இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனம் இருக்கிறது. தேசிய ஆவணக் காப்பகத்தின் பதிவு மையம் இருக்கிறது. புதுச்சேரியைக் கையளித்த 1956 ஒப்பந்தம், மக்கள் பிரதிநிதிகள் வேறு முடிவு எடுக்கும்வரை பிரெஞ்சே ஆட்சிமொழியாகத் தொடரும் என்றது. எங்கள் தெருவில் இன்றும் பழைய பிரெஞ்சுப் பத்திரத்தை எடுத்துக்கொண்டு "இதுல எங்க பாட்டன் பேர் இருக்கா பாரும்மா" என்று என்னிடம் வருகிறார்கள். இந்தக் காகிதங்களையும் கூலிகளின் வரலாற்றையும் அந்த நாவல்களையும் சேர்த்துப் படிக்க, தமிழும் பிரெஞ்சும் இரண்டும் தெரிந்த ஆட்கள் வேண்டும். அவர்களைப் பாரிஸ் நமக்கு உருவாக்கித் தராது, நம் கல்லூரிகள்தான் உருவாக்க வேண்டும்.

அந்த 4 மணி நேரத்துக்குத் திரும்புகிறேன். மூன்றாமாண்டில் மொழிப்பாடம் இல்லை என்றேன். ஆனால் விருப்பப் பாடங்களுக்கு இடம் இருக்கிறது. வாரம் 2 மணி நேரமாக இரண்டு விருப்பப் பாடங்களைப் பிரெஞ்சு ஆசிரியரிடம் கொடுங்கள். ஒன்று பேச்சும் மொழிபெயர்ப்பும், பிரெஞ்சிலிருந்து நேராகத் தமிழுக்கு, நடுவில் ஆங்கிலம் இல்லாமல். மற்றொன்று பிரெஞ்சு பேசும் தீவுகளின் இலக்கியம். அதை மொழிபெயர்ப்பில் நடத்தினால் பிரெஞ்சு தெரியாத வரலாறு, தமிழ் மாணவர்களும் சேரலாம். 12உம் 4உம் 16. ஒரு முழுப் பணியிடத்துக்கான கணக்கு அங்கே நேராகிவிடுகிறது. அதற்கும் வழியில்லாத சின்னக் கல்லூரிகள், பக்கத்துக் கல்லூரியோடு சேர்ந்து ஒரு பணியிடத்தைப் பகிர்ந்துகொள்ளலாம். இப்போதும் ஒரே ஆள்தான் இரண்டு இடத்துக்கும் ஓடிக்கொண்டிருக்கிறார், அதைக் காகிதத்தில் ஒப்புக்கொண்டால் போதும்.

வாய்மொழித் தேர்வுக்குப் புதுச் சட்டம் எதுவும் வேண்டாம். அக மதிப்பெண் 25 இருக்கிறது. அதில் அசைன்மென்டுக்கு இவ்வளவு, செமினாருக்கு இவ்வளவு என்று பிரிப்பதில் 10ஐப் பேச்சுக்கு ஒதுக்கினால், 98 வாங்கும் பிள்ளை தன் பெயரையாவது சொல்லும். தன்னாட்சிக் கல்லூரிகளின் பாடத்திட்டக் குழு ஒரே கூட்டத்தில் இதை முடிக்கலாம். நேர்காணல் குழுவில் பிரெஞ்சு தெரிந்த ஒருவரைக் கட்டாயம் உட்கார வையுங்கள். ஓய்வு பெற்ற பேராசிரியர்கள் இருக்கிறார்கள், கூப்பிட்டால் வருவார்கள். ஒப்பந்தத்தை 12 மாதத்துக்குப் போடுங்கள், மே மாதத்திலும் எங்களுக்குப் பசிக்கும். நெறியாளர் இல்லாத இடங்களில் தமிழ், வரலாற்றுத் துறை நெறியாளர்களின் கீழ் இணை நெறியாளரோடு எங்கள் ஆய்வுகளைப் பதிவு செய்ய வழி திறந்துவிடுங்கள்.

இந்த ஆண்டுக்கான பணிச்சுமைப் பட்டியல் ஜூனில் உங்கள் மேசைக்கு வரும். அதில் "பிரெஞ்சு, 12 மணி நேரம், மணிக்கணக்கு ஆசிரியர்" என்ற வரியைப் பார்க்கும்போது கையெழுத்துப் போடுவதற்கு முன் ஒரு நிமிடம் நில்லுங்கள். அந்த இலக்கியப் பாடத்துக்கான வரைவுப் பாடத்திட்டம் என்னிடம் தயாராக இருக்கிறது. 15 வாரத்துக்கு, வாரம் 2 மணி நேரம் என்று பிரித்து எழுதியிருக்கிறேன். கேட்கிற கல்லூரிக்கு இலவசமாகத் தருகிறேன், என் பெயர்கூட அதில் வேண்டாம். முதல் வாரப் பாடம் ஒரேலி கப்பல்.

இப்படிக்கு,
காரைக்காலைச் சேர்ந்த ஒரு பிரெஞ்சு ஆசிரியை